வீட்டில் ஒருவருக்குச் சுகர்: தனிச் சமையலா, எல்லாருக்கும் ஒரே சமையலா?

என் கணவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வீட்டுக்குள் வந்த மாலை, அடுப்பில் சேப்பங்கிழங்கு வறுவல் ஆகிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றில் 168. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 274. மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8.6. வயது 44. "எனக்குன்னு தனியா எதுவும் செய்யாதே, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். "நாளையிலேர்ந்து அவனுக்குச் சோறே வேணாம்மா, சப்பாத்தி போட்டுடு" என்றார் என் மாமியார். அவர்கள் இருவரும் சொன்னதில் எதுவுமே நடக்காது என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் எது நடக்கும் என்று தெரியவில்லை.

நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் என் அக்காவுக்கு வந்தது, அலுவலகத் தோழியின் அப்பாவுக்கு வந்தது, பக்கத்து வீட்டில் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், அதாவது நோய்க்கு முந்தைய நிலையில் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொன்னது. தெருவுக்குத் தெரு ஆள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வந்தவர்கள் வீட்டிலிருந்து எனக்கு வரும் முதல் போன் மாத்திரையைப் பற்றி இருப்பதே இல்லை. "இனிமே அவருக்குத் தனியா வடிக்கணுமா? இல்ல எல்லாருமே மாறிடணுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

மாத்திரையை டாக்டர் எழுதித் தருகிறார். கூடவே அச்சடித்த டயட் சார்ட் ஒன்றும் வருகிறது. ஒருவர் எதைச் சாப்பிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அதை யார், எத்தனை மணிக்கு எழுந்து செய்வது என்று அதில் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்வது பெரியவர்களுக்குப் புதிதாக வரும் டைப் 2 சர்க்கரையைப் பற்றி. கர்ப்பகாலச் சர்க்கரை, குழந்தைகளுக்கு வரும் டைப் 1 ஆகியவற்றின் கணக்கே வேறு. அவற்றுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் வழி.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, சர்க்கரை அளவு இறங்குகிறதா என்பது. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவும், மூன்று மாதச் சராசரியும்தான் இதற்குச் சாட்சி. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சராசரி 7க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு.

இரண்டாவது, சமைப்பவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் முதலில் வைத்திருக்க வேண்டியதே இதைத்தான்.

மூன்றாவது, வீட்டில் உள்ள மற்றவர்களின் உடம்பு. வளரும் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். பல் போன பாட்டிக்குக் குழைந்த சோறு வேண்டும். நான்காவது, காசு.

ஐந்தாவது, இது எத்தனை நாள் ஓடும் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பத்தியம் என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், அம்மை போட்ட வீட்டில் பத்தியம். நாட்டு மருந்து என்றால் ஒரு மண்டலம், 48 நாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்து, மறுநாள் வழக்கமான குழம்பு. பத்தியம் பார்ப்பதில் நம் பெண்களுக்குள்ள திறமை சாதாரணமானதில்லை. மூன்று மாதம் உப்பில்லாமல் கூடச் சமைத்துப் போடுவார்கள். சர்க்கரைக்குத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளே கிடையாது. பத்தியத்துக்கான வேகத்தில் தொடங்கும் எந்த ஏற்பாடும் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அதைத்தான் பார்த்தேன். அதனால் ஒரு வழியை முடிவு செய்யும் முன்பு, "அடுத்த வருடம் இதே தேதியில் இதைச் செய்துகொண்டிருப்பேனா" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது ஒன்றும் உண்டு. நோய் வந்தவர் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, தனியாகவா?

## முதல் வழி: அவருக்குத் தனிச் சமையல்

நான் தொடங்கியது இதில்தான். காலையில் எங்களுக்கு இட்லி, அவருக்குக் கோதுமை ரவை உப்புமா. மதியம் எங்களுக்குச் சோறு, அவருக்குச் சாமை. இரவு எங்களுக்குத் தோசை, அவருக்கு மூன்று சப்பாத்தி. ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள் ஐந்து மணிக்கு எழுந்தேன்.

பலன் உடனே தெரிந்தது. மூன்று மாதத்தில் சராசரி 8.6இலிருந்து 7.4. மெட்ஃபார்மின் மாத்திரையும் மாலை நடையும் அதில் பங்கு கேட்கும், சமையல் ஒன்றே செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தது. இந்த வழியின் பெரிய பலம் அதுதான்.

மறைவான செலவு பிறகு வந்தது. நான்காவது மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்குப் போடாமல், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி, மிஞ்சிய சோற்றில் வத்தக்குழம்பு ஊற்றிச் சட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. 44 வயது மனிதர், தன் வீட்டுச் சோற்றைத் திருடிச் சாப்பிடும் நிலைக்கு நான்தான் கொண்டுவந்துவிட்டேனோ என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த பரிசோதனையில் சராசரி 7.9க்கு ஏறியிருந்தது.

இன்னொன்று பிள்ளைகளிடம். என் மகள் ஒரு நாள் தட்டில் சாமையைப் பார்த்ததும், "எனக்கு ஏன் அப்பா சாப்பாடு? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். தனித் தட்டு என்றால் தண்டனை என்று குழந்தை புரிந்துகொண்டுவிட்டது. நாளைக்கு அவளுக்கே ஒன்று வந்தால் அதையும் இப்படித்தானே எடுத்துக்கொள்வாள்?

அப்புறம், தனிச் சமையல் என்பதாலேயே அது சரியான சமையல் ஆகிவிடாது. இரவுக்கு மூன்று சப்பாத்தி போட்டேனே, ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் 90 கிராம் கோதுமை மாவு. மாவுச்சத்துக் கணக்கில் அது ஏறக்குறைய 200 கிராம் சோற்றுக்குச் சமம். சோறு வேண்டாம் என்று நிறுத்திவிட்டு அதே அளவை வேறு உருவத்தில் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேர வேலை, மேலே எண்ணெய் வேறு.

இந்த வழி யாருக்குச் சரி? சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டு, உப்பு, பருப்பு, சில பழங்கள், கீரைகள் வரை டாக்டர் கட்டுப்படுத்தியிருந்தால், அந்தச் சாப்பாட்டை வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அங்கே தனிச் சமையல்தான் சரி. அறுவை சிகிச்சைக்கு முன் சில வாரம் சர்க்கரையை இறக்கியே ஆக வேண்டும் என்றாலும் சரி. முடிவு நாள் தெரிந்த பத்தியம் அது. சமைக்க இன்னொருவர் இருக்கும் வீட்டிலும் ஓடும்.

## இரண்டாம் வழி: வீடே மாறுவது

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் எதிர்ப்பக்கம் போனேன். அரிசி டப்பாவைக் காலி செய்து தினை, சாமை, வரகு, கம்பு. வீட்டில் சீனி இல்லை, பிஸ்கட் இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே பானை.

இதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் பலமானது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுதல். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அது மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன். ஆகவே வீடே மாறுவது மற்றவர்கள் செய்யும் தியாகம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் சொத்து அது.

ஆனால் நான் ஒரே வாரத்தில் மாற்றினேன். அதுதான் தவறு. என் மகனுக்கு அப்போது 13 வயது, தினமும் மாலை கால்பந்து. பள்ளி முடிந்து வரும் வழியில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வீட்டில் பசிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். மாமியாருக்கு 74 வயது. வரகு தொண்டையில் நிற்கிறது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். இரண்டு மாதத்தில் அவர் ரவிக்கை தோளில் நழுவியதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சர்க்கரை இல்லை. ஒருவர் இளைக்க வேண்டும் என்று நான் செய்ததில் இளைக்கக் கூடாதவர் இளைத்துக்கொண்டிருந்தார்.

கணவருக்காவது நன்றாக வந்ததா என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தினைப் பொங்கல் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 241. "சிறுதானியம்தானே" என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம் என்றால், கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62, தினையில் 60. நார்ச்சத்து கூடுதல் என்பதால் மெதுவாக ஏறும், வயிறும் நிறையும். அந்த நன்மை உண்மை. அளவை மறந்தால் அது காணாமல் போய்விடும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் வேகமாகவே ஏறும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இதை என் சொந்தக்காரர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

காசையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த அரிசியை நம்பி நடக்கும் வீட்டில் போய், கிலோ நூறு ரூபாய் பக்கம் விற்கும் தினைக்கு மாறுங்கள் என்று ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொல்வது எளிது, செய்வது எளிதில்லை. அந்த வீட்டுக்காரர் தன் நோயால்தான் எல்லாருக்கும் செலவு என்று குன்றிப்போவார்.

இந்த வழி பொருந்தும் வீடுகளும் உண்டு. கணவன், மனைவி இருவருக்குமே சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்து, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் இதுதான் நல்லது. வீட்டில் எல்லாருக்குமே எடை கூடுதல் என்றாலும் சரி. ஒரே வாரத்தில் மட்டும் மாற்றாதீர்கள். முதலில் காபியில் சீனி, அடுத்த மாதம் மாலைப் பலகாரம், அதற்கடுத்து வாரத்தில் இரண்டு நாள் சிறுதானியம் என்று போனால் யாரும் வெளியே பரோட்டா தேடிப் போக மாட்டார்கள்.

## மூன்றாம் வழி: ஒரே பானை, வேறு தட்டு

இப்போது மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஓடுவது இது. எல்லாருக்கும் ஒரே சமையல். தட்டில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. அவர் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ, கால் பங்கு சோறு. என் மகன் தட்டில் சோறுதான் பாதி. மாமியாருக்குக் குழைய வடித்த சோறு, மசித்த கீரை, நெய்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நம் சாப்பாட்டு முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் சோற்றை ஒரு முறை போட்டுக்கொள்வதில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்தான்". என் கணவர் தட்டில் விழுந்ததை ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று கொஞ்சமும் சேர்ந்து 420 கிராம் இருந்தது.

மாற்றியது இவ்வளவுதான். சோறு ஒரு கிண்ணம், ஏறக்குறைய 150 கிராம். அது குழம்புக்கோ சாம்பாருக்கோ மட்டும். ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவார். உட்கார்ந்ததும் முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம்தான் சோறு. காயும் பருப்பும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எங்கள் வீட்டுக் குளுக்கோமீட்டரும் அதையே காட்டியது. அதே சோறு, அதே சாம்பார். கலந்து சாப்பிட்ட நாளில் 196, காயை முதலில் முடித்த நாளில் 162. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடந்தால் இன்னும் இறங்கும்.

பொதுப் பானையிலும் சில மாற்றங்கள் வந்தன, யாரும் கவனிக்காத அளவுக்கு. உருளை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் எல்லாம் அவருக்குச் சோற்றுக் கணக்கு. அதனால் அவை வைக்கும் நாளில் கூடவே ஒரு அவரைக்காயோ கோவைக்காயோ இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் அடை அல்லது பச்சைப்பயறு தோசை. பிள்ளைகள் அதைச் சுகர் பலகாரம் என்று நினைப்பதே இல்லை, போட்டி போட்டுத் தின்கிறார்கள். இட்லி என்றால் அவருக்கு மூன்று, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை.

இந்த வழியின் மறைவான செலவு காய்கறியில் இருக்கிறது. அரைக் கிலோ காயில் ஐந்து பேர் சாப்பிட்ட வீட்டில் இப்போது ஒன்றேகால் கிலோ ஆகிறது. எங்களுக்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடியது. நறுக்கவே கூடுதலாக அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் என் கணவருடையது என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டோம். ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே மறுநாளுக்கான காயை நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். நோய் வந்தவருக்கு வேலை ஏதும் இல்லாமல் இருந்தால் எந்த ஏற்பாடும் சமைப்பவர் தலையில்தான் முடியும்.

இரண்டாவது செலவு கண்காணிப்பு. பானை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள யாரும் தடுப்பதில்லை. பரிமாறும் அம்மாவோ மாமியாரோ "என்னடா, கோழி கொத்தற மாதிரி சாப்பிடறே" என்றால் எல்லாம் போச்சு. எங்கள் வீட்டில் மாமியாரிடம் நேராகச் சொன்னோம்: "அம்மா, அவர் தட்டுல நீங்க போட வேண்டியது பொரியல். அதை எவ்வளவு வேணாலும் போடுங்க." மகனுக்கு அள்ளிப் போடாமல் அவரால் இருக்க முடியாது. இப்போது கீரையை அள்ளிப் போடுகிறார்.

மூன்றாவது, குளுக்கோமீட்டரில் ரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கும் ஸ்டிரிப். ஒன்று இருபது ரூபாய் சுமார் ஆகிறது. தினமும் தேவையில்லை. ஆரம்பத்தில் ஒரு மாதம் மட்டும், வழக்கமாகச் சாப்பிடும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்துக் குறித்து வையுங்கள். எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளி போதும்.

இந்த வழியில் எங்களுக்கு வந்த முதல் சராசரி 6.9. அதன்பிறகு 6.7க்கும் 7.1க்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கிறது. தீபாவளி முடிந்து பார்த்தால் கொஞ்சம் ஏறியிருக்கும், பொங்கல் கழித்து இறங்கும்.

இது யாருக்குச் சரிப்படாது? சாப்பாட்டு மேசைக்கு வரும்போதே கட்டுப்படுத்த முடியாத பசியோடு வருபவருக்கு, நோயே இல்லை என்று இன்னும் மறுத்துக்கொண்டிருப்பவருக்கு, வெளியே நாளுக்கு இரண்டு வேளை சாப்பிடுபவருக்கு. வெளியே சாப்பிடுபவர் வீட்டில் எதை மாற்றினாலும் பாதிதான் பலன். அங்கே முதலில் மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தனிச் சமையல் | வீடே மாறுவது | ஒரே பானை, வேறு தட்டு |
|---|---|---|---|
| சர்க்கரை அளவு | சீக்கிரம் இறங்கும், பிறகு ஏறும் ஆபத்து | அளவு பார்த்தால் இறங்கும் | மெதுவாக இறங்கும், நிற்கும் |
| சமைப்பவர் நேரம் | தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதல் | தொடக்கத்தில் கூடும், பழகினால் இல்லை | அரை மணி நேரம், பகிர்ந்துகொள்ளலாம் |
| பிள்ளைகள், முதியோர் உடம்பு | பாதிப்பில்லை | கவனிக்காவிட்டால் பாதிப்பு | ஆளுக்கு ஏற்றபடி |
| காசு | எரிவாயு, தனிச் சாமான் | தானியச் செலவு அதிகம் | காய்கறி, ஸ்டிரிப் |
| சேர்ந்து சாப்பிடுவது | குறையும் | முழுதாக உண்டு | உண்டு |
| விருந்தாளி வந்தால் | அவருக்கு மட்டும் ஒதுங்கிய தட்டு | வருபவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டும் | மாற்றமே இல்லை |
| எதற்குப் பொருத்தம் | சிறுநீரகக் கட்டுப்பாடு, குறுகிய காலம் | இருவருக்கும் நோய், பிள்ளைகள் வெளியூர் | மூன்று தலைமுறை வீடு |

காசைப் பற்றி இன்னொரு வார்த்தை. மாத்திரைக்குச் செலவழித்து முடித்த பிறகு காய்கறிக்குக் கை கடிக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு அப்படித்தான் மாதாமாதம் வருகிறது. மிச்சமாகும் பணம் காய்க்கு ஆகும்.

## எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை

சாப்பாட்டின் அளவைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நிஜமான ஆபத்து. பழைய சாப்பாட்டு அளவுக்குப் பொருத்தி எழுதிய மருந்து அது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே மீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திருக்காமல் முதலில் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விரதம் இருப்பவர்கள் அதற்கு முன்பே மருந்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகற்காய்ச் சாறு, நாவல்கொட்டைப் பொடி, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் சொந்தக்காரர்களோடு வீட்டுக்குள் வரும். இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மட்டும் வேண்டாம்.

## சமைப்பவருக்கே வந்துவிட்டால்

மேலே சொன்னதெல்லாம் சமைப்பவர் ஒருவர், நோய் வந்தவர் இன்னொருவர் என்ற கணக்கில். என் அக்காவுக்குச் சென்ற வருடம் வந்தபோது அந்தக் கணக்கு உதவவில்லை.

அக்கா வீட்டில் அத்தான், இரண்டு பையன்கள், அத்தானின் அப்பா. அவள் தனக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்வாள் என்று நினைத்தீர்களா? நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் கூட அவள் தனக்கென்று ஒரு தோசை தனியாக ஊற்றியதில்லை. முதல் வழி அங்கே ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டது. வீடே மாறட்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்காக எல்லாரும் ஏன் கஷ்டப்படணும் என்கிறாள். அத்தானுக்கு வந்திருந்தால் மறுநாளே வீட்டை மாற்றியிருப்பாள்.

மூன்றாம் வழிதான் என்று நான் சொன்னேன். இரண்டு மாதம் கழித்தும் சர்க்கரை இறங்கவில்லை. நேரில் போய் ஒரு நாள் முழுக்க அவளோடு சமையலறையில் இருந்தேன். அப்போதுதான் விளங்கியது. தட்டில் அவள் ஒரு கிண்ணம் சோறுதான் போட்டுக்கொள்கிறாள். தட்டுக்கு வெளியே நடப்பதுதான் கணக்கில் வரவில்லை. சின்னவன் மிச்சம் வைத்த ஒன்றரை தோசை, வீணாகிறதே என்று வாயில் போகிறது. பாயசம் இனிப்புச் சரியா என்று இரண்டு கரண்டி. அடிப்பானையில் ஒட்டிய சோற்றை மோர் ஊற்றிக் கரைத்து ஒரு டம்ளர். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, மேடை துடைத்து, அவள் தட்டோடு உட்காரும்போது மணி மூன்று. பொரியல் சட்டியில் இரண்டு கரண்டிதான் மிச்சம். பாதித் தட்டுக் காய்க்கு எங்கே போவாள்?

அவளுக்குக் கிளிமிபிரைடு எழுதியிருந்தார்கள். காலை ஏழரைக்கு மாத்திரை, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. நடுவில் இரண்டு முறை கை நடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். களைப்பு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே பானையை மாற்றுவதை விட மணியையும் வரிசையையும் மாற்றுவதுதான் முக்கியமாக இருந்தது. பொரியல் இறக்கியதும் முதலில் அவள் பங்கை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்து வைப்பது. மிச்சத் தோசைக்கு மாடு இருக்கிறது, எதிர் வீட்டில் நாய் இருக்கிறது. ருசி பார்க்கப் பெரியவனைக் கூப்பிடுவது. மதியம் ஒன்றரைக்கு அவள் உட்கார்ந்துவிட வேண்டும், யார் சாப்பிட்டார்கள், சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம். இந்தக் கடைசி ஒன்றுக்கு அவள் ஒப்புக்கொள்ளவே மூன்று வாரம் ஆனது. மாமனார் சாப்பிடும் முன்பு எப்படி உட்காருவது என்று தயங்கினாள். கடைசியில் அந்தப் பெரியவரே, "உக்காரும்மா, நான் போட்டுக்கறேன்" என்று கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் ஒன்றரை மணிக்கு நான் போன் செய்தால் தாளிக்கும் சத்தத்தோடு பேசுவாள். இப்போது அந்த நேரத்தில் எடுப்பதில்லை. இரண்டு மணிக்கு அவளே கூப்பிடுகிறாள்.